ஒன்றுமில்லாத ஹால் வேண்டும், அதற்கு 11 லட்சமா?

லால்குடி மருமகள்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேளம்பாக்கம் பக்கம் ஒன்பதாவது மாடியில் 980 சதுர அடி ஃபிளாட் ஒன்று வாங்கியிருக்கிறோம். வைகாசியில் பால் காய்ச்சினோம். அன்று இரவு அங்கேயே தங்க வேண்டும் என்று அத்தை சொன்னதால் ஐந்து பேரும் தங்கினோம். வீட்டில் இருந்த மொத்த சாமான் இரண்டு பாய், ஒரு டேபிள் ஃபேன், ஒரு குடம், ஒற்றை பர்னர் அடுப்பு, பால் காய்ச்சிய பாத்திரம், குத்துவிளக்கு. யூகேஜி படிக்கும் பையன் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, தன் பேரைத் தானே கத்தி, எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தான். பால்கனிக் கதவைத் திறந்துவைத்துப் படுத்தோம். காற்று நேரே வந்து மேலே விழுந்தது. வழியில் மறிக்க ஒரு நாற்காலிகூட இல்லை. சிரிக்காதீர்கள், பத்து வருடத்தில் நான் அப்படித் தூங்கியதே கிடையாது.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டர் ஆபீசில். அங்கே கண் போகும் இடமெல்லாம் ஃபைல். வருகிறவர் உட்கார வேண்டுமென்றால் நாற்காலியில் இருக்கும் கட்டைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதுவும் அதே மாதிரிதான். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே என்னென்ன இருக்கிறது என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். 23 பொருள். மாத்திரை அட்டை, கரண்ட் பில், செல்லோ டேப், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த தேங்காய்ப் பை, கழுத்து இல்லாத ஒரு டைனோசர். மூன்று பேட்டரிகளும் இருந்தன, மூன்றும் தீர்ந்துபோனவை. இதில் ஒன்றைக்கூட வைக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுத்து வைக்கவில்லை. தானாக ஏறி உட்கார்ந்துகொண்டவை.

அதனால் மினிமலிசம், அதாவது தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வது, என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் போனில் அந்த மாதிரி வீடுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு டிசைனரை வரவழைத்தோம். ஐபேடில் படம் காட்டினார். வெள்ளைச் சுவர், ஒரு மர பெஞ்சு, ஒரு ஜாடி, அதில் ஒரு காய்ந்த குச்சி. (அந்தக் குச்சி எங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுதைத் தாண்டாது. அத்தை பெருக்கித் தள்ளிவிடுவார்.) படம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கொட்டேஷன் வந்தது: 11 லட்சத்து 40 ஆயிரம். கட்டிலும் மெத்தையும் சேராமல்! கைப்பிடி இல்லாத கிச்சன், சுவரில் மிதக்கிற டிவி யூனிட், ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், அதில் கோடு கோடாக விளக்கு. பூஜைக்கு இடம் எங்கே என்று கேட்டேன். "கப்போர்டுக்குள் மறைத்துவிடலாம் மேடம், கதவைச் சாத்தினால் தெரியாது" என்றார். எரிகிற விளக்கை வைத்துக் கதவைச் சாத்துவதா?

இதற்கு நடுவில் லால்குடி வீட்டை விற்றுவிட்டார்கள். அத்தை எங்களோடு வரப்போகிறார். கூடவே மூன்று டிரங்குப் பெட்டி பாத்திரம், பதினான்கு அட்டைப் பெட்டி கொலு பொம்மை, ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை. பாத்திரம் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. மாமனாரின் இனிஷியல், கல்யாணத் தேதி 9-6-74, எல்லாம் புள்ளி புள்ளியாக. சில சொம்புகளில் கொடுத்தவர் பேரும் இருக்கிறது. அந்த மாமா யார் என்று அத்தைக்கே இப்போது ஞாபகம் இல்லை. ஆனால் சொம்பை மட்டும் விட மாட்டார்.

நான் கேட்பது இதுதான். அந்த முதல் ராத்திரி இருந்த வீட்டை எப்படித் தக்கவைத்துக்கொள்வது? ஒன்றும் வைக்காமல் இருப்பதற்கு ஏன் இவ்வளவு செலவு? குழந்தை, மாமியார், கொலு, சாம்பார் எல்லாம் உள்ள வீட்டில் இப்படி இருந்து ஒரு வருடமாவது தாக்குப்பிடித்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். படம் வேண்டாம். படம் போதுமென்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

சும்மா வந்தேன்

அக்கா, 10 லட்சம் கொடுங்கள், நான் செய்து தருகிறேன். லால்குடியிலிருந்து சாமான் ஏற்றி வரும் லாரியைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை.

சீரியஸாக ஒன்று: அந்த டிசைனர் கடைசியில் ஒரு சாம்பல் நிற புத்தர் தலை வைக்கலாம் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் போன எல்லா மினிமல் வீட்டிலும் அவர் இருக்கிறார்.

உளிச்சத்தம்

கோயம்புத்தூரில் 22 வருடமாக மர வேலை பண்ணுகிறேன் மேடம். ஏன் செலவு அதிகம் என்று கேட்டீர்கள். அதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பழைய கதவு நிலையைப் பாருங்க. மரம் சுவரைத் தொடுகிற இடத்தில் சுற்றிலும் ஒரு பீடிங், அதாவது மெல்லிய மரப் பட்டை, அடித்திருப்போம். அழகுக்கு என்று நினைப்பீர்கள். அழகு அப்புறம்தான். சுவர் ஒரு ஆள் கட்டியது, நிலை இன்னொரு ஆள் செய்தது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு இடத்தில் மூன்று மில்லி சந்து இருக்கும், இன்னொரு இடத்தில் எட்டு மில்லி இருக்கும். அந்தச் சந்தை மூடத்தான் பீடிங். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் சுவரடியில் ஒட்டுகிற பட்டை, ஸ்கர்ட்டிங், அதுவும் அதே கதைதான். பத்தடிச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தலைக்கும் காலுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். நாலு அங்குல ஸ்கர்ட்டிங் ஒட்டினால் யாருக்கும் தெரியாது.

உங்கள் டிசைனர் காட்டிய படத்தில் பீடிங் இல்லை, ஸ்கர்ட்டிங் இல்லை, கைப்பிடியும் இல்லை. அப்படியென்றால் தப்பை மூட ஒரு துண்டு மரம்கூட எங்கள் கையில் இல்லை. பத்துக் கதவு வரிசையாக நிற்கும், நடுவில் மூன்று மில்லி கோடு. ஒரு கதவு ஒரு மில்லி இறங்கினாலும் கோடு பல்லை இளிக்கும். இப்படி வேலை செய்ய ஆள் குறைவு, நாளும் இரண்டு மடங்கு பிடிக்கும். கீலும் சேனலும் நல்லதாகப் போட வேண்டும். நீங்கள் கொடுக்கிற காசு அதற்குத்தான். சீலிங்கில் கோடு விளக்கு போட்டால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். பட்டி பார்த்ததில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் அலை அலையாகத் தெரியும். அதற்காகச் சுவரை மறுபடி தேய்க்க வேண்டும். அதுவும் பில்லில் வரும்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்?

ஃபால்ஸ் சீலிங்கைக் கொட்டேஷனிலிருந்து அடித்துவிடுங்கள். ஃபிளாட்டில் உயரமே ஒன்பதரை அடி, அதில் அரை அடியை ஏன் கொடுப்பானேன். ஹாலில் கதவு ஜன்னல் இல்லாத நீளச் சுவர் ஒன்று இருக்கும். அதை மட்டும் தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரியாக்குங்க. மேலே லாஃப்ட், கீழே கதவு, எல்லாமே சுவர் கலரிலேயே. அந்த ஒரு சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும், மற்ற மூன்று சுவரையும் சும்மா விட்டுவிடலாம். ஆழத்தில் மட்டும் கவனம். துணிக்கு இரண்டடி வேண்டும். பாத்திரத்துக்கும் பொம்மைக்கும் 15 அங்குலம் போதும். எல்லாவற்றையும் இரண்டடி போட்டால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று வைப்பீர்கள். பின் வரிசையை வீடு காலி பண்ணும்போதுதான் திரும்பப் பார்ப்பீர்கள்.

கைப்பிடிக்கு வருகிறேன். அழுத்தினால் திறக்கிற கதவு கிச்சனுக்கு வேண்டாம். மாவுக் கையோடு அழுத்துவீர்கள், ரேகை அப்படியே நிற்கும். பையன் சாய்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும். அதற்குப் பதில் கதவின் மேல் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்துச் சீவச் சொல்லுங்கள். விரல் நுழையும், பார்க்க ஒன்றும் தெரியாது, உடைந்துபோக அதில் ஒன்றும் இல்லை.

கிச்சனில் வெள்ளை லேமினேட்டா, யோசித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும். அதனால்தான் கறை பட்ட வேட்டியைக் கொடியில் போட்டால் போய்விடுகிறது. ஆனால் அடுப்படிக்கு எந்த வெயில் வரப்போகிறது? ஈரம் படுகிற இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேளுங்கள். ஐஎஸ் 303 மலிவுதான், படுக்கையறைக்குப் போதும். தொட்டிக்குக் கீழே அதைப் போட்டால் உப்பிவிடும்.

பூஜையைக் கதவுக்குள் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் விளக்கு எரிகிற நேரம் கதவு திறந்தே இருக்க வேண்டும். மேல் தட்டு பிளைவுட்டாக இருக்கக் கூடாது. ஒரு கடப்பாக் கல் பலகை போட்டுவிடுங்கள். புகை படிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

லால்குடி மருமகள்

உளிச்சத்தம் அண்ணா, மிக்க நன்றி. ஒரு சுவர் விழுங்கும் யோசனையை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ அது மினிமலிசம் இல்லையே, ஒளித்து வைப்பதுதானே" என்கிறார். அவருடைய பழைய கிரிக்கெட் மட்டை மட்டும் ஏழு இருக்கிறது. அது எங்கே போகும் என்று கேட்டேன், பேச்சு அங்கே நின்றுவிட்டது.

மதுரை வாசகி

அந்த ஃபிரிட்ஜ் மேல் 23 பொருளைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. 2010-ல் அமெரிக்காவில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரண்டு உளவியல்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் 60 பேர். வீட்டை அவர்களே சுற்றிக் காட்டிப் பேச வேண்டும். அவர்கள் பேச்சில் 'அடைசல்', 'முடியாத வேலை' என்ற மாதிரி வார்த்தைகள் எவ்வளவு வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். கூடவே சில நாட்கள் எச்சில் எடுத்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்த்தார்கள். அந்த ஹார்மோன் காலையில் ஏறி மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டும். வீட்டைப் பற்றி அப்படி அலுத்துக்கொண்ட மனைவிகளுக்கு அது சரியாக இறங்கவில்லை.

மனைவிகளுக்கு என்பதைக் கவனியுங்கள். அதே டைனோசரை உங்கள் வீட்டுக்காரரும் தினமும் பார்க்கிறார், ஆனால் 'இதை யார் எடுத்து வைப்பது' என்ற கேள்வி அவர் தலையில் ஓடுவதில்லை. அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வந்ததற்குக் காற்று பாதிக் காரணம். எடுத்து வைக்க எதுவும் இல்லை என்பது மீதி.

ஒசாகா வாடகைவாசி

ஒன்பது வருடமாக ஒசாகாவில் இருக்கிறேன். ஊருக்கு வந்தால் "ஜப்பான்காரன் வீடு காலியாக அழகாக இருக்குமாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னறையைக் காட்டினால் அப்படித்தான் தோன்றும். ஆறு தத்தாமி அறை, அதாவது ஆறு பாய் அளவு, சுமார் 10 சதுர மீட்டர். உள்ளே ஒரு குட்டை மேசை. அவ்வளவுதான்.

ஒருநாள் பாட்டி பக்கவாட்டுக் கதவை நகர்த்தினார். ஒஷிஈரே என்பார்கள், சுவருக்குள் ஒளிந்த அலமாரி. சுமார் மூன்றடி ஆழம், நடுவில் ஒரே ஒரு தட்டு. மெத்தை, போர்வை, ஹீட்டர், தையல் மிஷின், செத்துப்போன கணவரின் மீன்பிடித் தூண்டில் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. ஒரு பொருளை உருவினால் நான்கு விழும். நம் ஊர்ப் பரண் மாதிரியேதான், இங்கே ஏணி வேண்டாம். அந்த அலமாரி அடைந்துகிடப்பதால்தான் அறை காலியாக இருக்கிறது. அதுவும் சும்மா இருப்பதில்லை. 80 வயதில் பாட்டி தினமும் காலையில் மெத்தையை மடித்து உள்ளே வைக்கிறார், இரவில் எடுத்து விரிக்கிறார். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டால் அன்று அறை அடைந்துவிடும்.

காலியாக வைப்பதற்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு. ஒன்று நிலநடுக்கம். 1995-ல் கோபேயில் வந்தபோது பீரோவும் புத்தக அலமாரியும் மேலே விழுந்து அடிபட்டவர்கள் ஏராளம். இங்கே உயரமான சாமான் என்றாலே பயப்படுவார்கள். இன்னொன்று குப்பை. ஒரு சோபாவைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் முன்பதிவு செய்து, காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊரில் பழைய சாமான்காரர் நமக்குக் காசு தருகிறார். இங்கே நாம் தர வேண்டும். அப்படியிருந்தால் கடையில் நிற்கும்போதே வாங்கலாமா என்று யோசிப்பீர்கள்.

கொலு பொம்மைக்கு ஒரு வார்த்தை. தத்தாமி அறையில் தோகோனோமா என்று ஒரு மாடம் வைப்பார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு படச்சுருள், ஒரு பூ, அவ்வளவுதான். மற்ற சுருள்கள் பெட்டியில் இருக்கும், பருவம் மாறினால் இது உள்ளே போகும், அது வெளியே வரும். கொலுவும் வருடத்தில் ஒன்பது நாள் வெளியே, மீதி நாள் பெட்டியில். உங்கள் அத்தை அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். பதினான்கு பெட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், லாஃப்டில் அதற்கு ஒரு வரிசை போதும்.

பேச்சோடு பேச்சாக, கட்டடக்கலைஞர் ததாவோ ஆண்டோ 1976-ல் இங்கே ஒசாகாவின் சுமியோஷியில் கட்டிய ஒரு வீட்டைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்றரை மீட்டர்கூட அகலம் இல்லாத மனை. முகப்பில் ஜன்னலே கிடையாது, வெறும் கான்கிரீட், ஒரு வாசல். மூன்று பங்காக்கி நடுப்பங்கை வானம் பார்த்த முற்றமாக விட்டுவிட்டார். மழை பெய்தால் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் குடை பிடித்துத்தான் போக வேண்டும். உலகமே வியந்தது. என் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம கும்பகோணம் வீட்டில் கொல்லைக்கு அப்படித்தானே போனோம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

வெயில்பக்கம்

புதுச்சேரியில் கட்டட வேலை. டிசைனரைக் குறை சொல்ல வரவில்லை, ஆனால் ஐபேடில் காட்டும் அந்தப் படங்கள் பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த நாடுகளுடையவை. அங்கே சுவரும் தரையும் வெள்ளையாக இருந்தால்தான் குளிர்காலத்தில் பகல் என்று தெரியும். கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில், மே மாதம் மதியம், பளபள வெள்ளை டைல் போட்ட ஹாலில் நின்றுபாருங்கள். கண் கூசும். உடனே கனமாக ஒரு திரை வாங்கி மாட்டுவீர்கள், விளக்கைப் போடுவீர்கள்.

நம் வெயிலுக்கு ஏற்ற காலி வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். இங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி இருக்கிறது. டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த கட்டடக்கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. அவர் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகாஷிமா 1937-ல் இங்கேயே வந்து தங்கி வேலை பார்த்தார். பின்னாளில் அமெரிக்காவில் மேசை நாற்காலி செய்து புகழ்பெற்றாரே, அவரேதான். ஹைதராபாத் நிஜாம் தரப்பிலிருந்து திவான் அக்பர் ஹைதரி மூலமாக 1 லட்சம் ரூபாய் வந்தது, அதனால்தான் ஹைதராபாத் கோல்கொண்டாவின் பெயர்.

அனுமதி வாங்கி ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். சித்திரை மாதம். வெளியே தார் உருகுகிறது. உள்ளே நுழைந்ததும் செருப்பில்லாத காலுக்குக் கறுப்புக் கடப்பாத் தரை சில்லென்று இருந்தது. முகப்பில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரை வரைக்கும் திருப்பக்கூடிய அகலப் பட்டைகள் மட்டும்தான். திருப்பினால் காற்று வரும், வெயில் வராது. தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவே தேக்குச் சட்டத்தில் நகரும் கதவு. கதவின் பட்டைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்திருப்பதால் காற்று நுழையும், கண் நுழையாது. அறைக்குள் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி. இது போதாது என்று எனக்குத் தோன்றவில்லை. மினிமலிசம் என்ற பேச்சும் அங்கே யாரும் எடுக்கவில்லை. கதவுப் பிடி, கொக்கி எல்லாம் பழைய பித்தளைப் பாத்திரத்தை உருக்கி வார்த்தவை என்று சொல்கிறார்கள். மூன்று டிரங்குப் பெட்டிக்காரர் கவனத்துக்கு.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்றும் உண்டு. மீஸ் வான் டெர் ரோ என்ற புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் அமெரிக்காவில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற டாக்டருக்கு 1951-ல் ஒரு கண்ணாடி வீடு கட்டி முடித்தார். எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்தைத் திறந்தாலும் அது இருக்கும். அந்த அம்மாவுக்குத் துணி வைக்க இடம் இல்லை, தனியாக ஒரு தேக்கு அலமாரி பிறகு செய்ய வேண்டியிருந்தது. செலவு விவகாரத்தில் இருவரும் கோர்ட்டுக்கே போனார்கள். டாக்டரம்மாவுக்கு ஒரு உளிச்சத்தம் கிடைத்திருந்தால் அலமாரியாவது முதலிலேயே வந்திருக்கும்.

உங்கள் ஃபிளாட்டுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். பால்கனிக் கதவிலிருந்து எதிர் ஜன்னல் வரைக்கும் காற்று போகிற பாதையில் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் படுத்திருந்தது அந்தப் பாதையில்தான். சுவருக்கு மேட் பெயின்ட், சுத்த வெள்ளை வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் மாதிரி கொஞ்சம் மங்கலாக. அப்புறம் எதிரொலி. பையனுக்கு அது விளையாட்டு, ஆனால் வெறும் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் குக்கர் விசிலும் டிவியும் சேர்ந்தால் நாலு நாளில் தலைவலி வந்துவிடும். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள், ஜன்னலுக்குக் கெட்டியான பருத்தித் துணி போடுங்கள். சத்தம் அடங்கிவிடும்.

லால்குடி மருமகள்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக எழுத முடியவில்லை, வருமான வரி சீசன்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தை முழுக்க அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஜப்பான் பாட்டி மெத்தையை மடிக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "லால்குடியில் கூடத்தில் என்னடி இருந்தது? ஊஞ்சல் ஒண்ணுதானே" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நான் கல்யாணமாகிப் போனபோது அந்தக் கூடத்தில் ஊஞ்சலும் சுவரில் ஒரு கடிகாரமும் மட்டும்தான். கூடம் எவ்வளவு காலியாக இருக்கும் என்று நான் ஆரம்பித்ததும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "காலியா இருந்துதா? நான் காலி பண்ணினேன். நாலரை மணிக்கு எழுந்து பதினோரு படுக்கையைச் சுருட்டி உள்ளே போட்டுட்டுத்தான் வாசல் தெளிப்பேன்" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அப்போதுதான் ஏதோ போன் வந்த மாதிரி பால்கனிக்குப் போனார்.

முடிவு இதுதான். ஃபால்ஸ் சீலிங் இல்லை, மிதக்கிற டிவி இல்லை. ஹாலில் ஒரு நீளச் சுவர் மட்டும் அலமாரி, 15 அங்குலம், வேறோர் ஆசாரியிடம் கொடுத்தோம். கிச்சனோடு சேர்த்து 6 லட்சத்து 20 ஆயிரம். கட்டில் ஒன்றே ஒன்று, அத்தைக்கு. நாங்கள் நால்வரும் பாயும் மெல்லிசு மெத்தையும்தான். காலையில் சுருட்டுவது வீட்டுக்காரரும் பெண்ணும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன் (ஃபிரிட்ஜின் பக்கவாட்டில், மேலே இல்லை).

பாத்திரத்தை அத்தையே உட்கார்ந்து பிரித்தார். சமைக்கிற வெங்கலப் பானை இரண்டு, அடுக்கு ஒரு செட், அந்தப் பேர் தெரியாத மாமாவின் சொம்பு, இவை எங்களோடு. மீதியைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டோம். தராசில் வைப்பதற்கு முன் அத்தை ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பேரைப் படித்துப் படித்துக் கொடுத்தார். கடைக்காரப் பையன் அவசரப்படுத்தாமல் நின்றான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஊஞ்சலை விட மாட்டேன் என்கிறார். எனக்கும் விட மனசில்லை. ஹாலில் அது மட்டும் இருக்கட்டும். உளிச்சத்தம் அண்ணா, ஒன்பதாவது மாடிக் கூரையில் கொக்கி போடலாமா?

உளிச்சத்தம்

போடலாம் மேடம், ஆனால் ஆசாரியை விட்டு டிரில் போட வைக்காதீர்கள். ஸ்லாபுக்குள் கரண்ட் பைப் எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. கட்டியவர்களின் இன்ஜினியரிடம் டிராயிங் கேட்டு, பீம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அவர் சரி என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆடும்போது இழுப்பு சும்மா தொங்குவதைவிட அதிகம். பையன் வேறு நின்றுகொண்டு ஆடுவான். பீம் தோதான இடத்தில் இல்லையென்றால் தரையில் நிற்கிற மாதிரி இரும்புச் சட்டம் செய்துகொள்ளலாம், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது.

பலகையின் நீளம், அகலம், கனம் மூன்றும் அளந்து போடுங்கள். சங்கிலி பழையது இருக்கிறதா?

லால்குடி மருமகள்

ஆறடிக்கு இரண்டடி, கனம் இரண்டு அங்குலம். சங்கிலி பித்தளை. அத்தை அதை எடைக்குப் போடாமல் தலையணை உறையில் சுற்றி வைத்திருக்கிறார்.